தைம் வளர்ப்பு

தைம் என்பது துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த நறுமணச் செடி. தாவரவியலில் தைமஸ் வல்காரிஸ் எனப்படும். மத்தியதரைக் கடலின் மேற்குக் கரையோர நாடுகள் இதன் தாயகம். ஓர் அடிக்கு மேல் வளர்வது அரிது. இலை அரிசிமணி அளவுதான் இருக்கும். தண்டின் அடிப்பகுதி நாளாக நாளாகச் சுள்ளிபோல் கெட்டிப்படும். வெள்ளை அல்லது வெளிர் ஊதா நிறத்தில் சிறு பூக்கள் பூக்கும். தேனீக்கள் அவற்றைத் தேடி வரும். தைமஸ் செர்பில்லம் என்ற மற்றோர் இனம் சில அங்குல உயரத்திலேயே பாய் விரித்தாற்போல் படரும். குளிர்நாடுகளில் அதை நடைபாதைக் கற்களின் இடுக்கில் நடுகிறார்கள். கால் பட்டால் மணக்கும்.

இலையைக் கசக்கி முகர்ந்தால் நம் வீட்டு ஓமம் நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் இருப்பது தைமால் என்ற ஒரே வேதிப்பொருள். 1719இல் ஜெர்மானிய வேதியியலாளர் காஸ்பர் நியூமன் இதைத் தைம் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார். தைமால் என்ற பெயரும் இந்தச் செடியிலிருந்தே வந்தது. ஆனால் பிற்காலத்தில் தைமால் எடுப்பதற்கு நம் ஓமமே பெரிதும் பயன்பட்டது. முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் அதற்காக ஜெர்மனிக்குக் கப்பலேறியது. கற்பூரவள்ளியில் மிகுந்திருக்கும் கார்வக்ரால், தைமாலுக்கு மிக நெருங்கிய பொருள். அதனால்தான் மேற்கிந்தியத் தீவுகளில் கற்பூரவள்ளியையே ‘அகன்ற இலைத் தைம்’ என்று அழைக்கிறார்கள். மாணவர்கள் மூன்றையும் தனித்தனியே கசக்கி, நண்பரின் கண்ணைக் கட்டி முகரச் சொல்லிப் பார்க்கலாம். பலரும் தடுமாறுவார்கள்.

தமிழ்நாட்டில் தைமுக்கு ஏற்ற இடம் நீலகிரி. குளிர்ந்த காற்று, நீர் தேங்காத மலைச்சரிவு, நல்ல வெயில் ஆகிய மூன்றும் அங்கே கிடைக்கின்றன. ரோஸ்மேரியைப் போலவே தைமும் அங்கே பயிரிடப்படுகிறது.

சமவெளியில் நிலைமை வேறு. நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் பகுதி முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர்பெற்ற செம்மண் பூமி. கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். வெயில்தான் செடியைக் கொல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். தைமுக்கு அதைவிடப் பெரிய எதிரி ஈரம். நான் வைத்த முதல் செடி ஐப்பசி மழையில் இலை பழுத்துக் காய ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, மழை இல்லாத நாட்களில் இரண்டு வேளையும் ஊற்றினேன். ஒருநாள் பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகியிருந்தது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி தண்ணீருக்கு ஏங்குவது போலவே வாடிக் காட்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆகவே தரையில் நடவேண்டாம். எட்டு அங்குல மண்தொட்டி போதும். அடித்துளையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்து, இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு மட்கிய உரம் கலந்து நிரப்ப வேண்டும். நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் கோகோபீட் எனப்படும் தென்னைநார்த் தூளில் இருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வேர் அறாமல் இயன்றவரை உதிர்த்துவிட்டு நட வேண்டும். மழை ஓய்ந்த பிறகு நடுவதே நல்லது. பெயருக்கு ஏற்றாற்போல் தை மாதம் தைமுக்குப் பொருத்தம்!

விதையிலிருந்தும் வளர்க்கலாம், முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், பொறுமை வேண்டும். பூக்காத இளந்தண்டை மூன்று அங்குலம் நறுக்கி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமணலில் ஊன்றுவது எளிது.

மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். பங்குனி முதல் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் தொட்டியை மாற்றலாம். மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் வைத்துவிட வேண்டும். உரம் அதிகமானால் செடி தளதளவென்று வளரும், மணம் குறைந்துவிடும்.

பறிக்கும்போது பச்சைத் தண்டை மட்டும் கிள்ள வேண்டும். கெட்டிப்பட்ட பகுதியை வெட்டினால் அங்கிருந்து துளிர்ப்பது கடினம். பூக்கத் தொடங்கும் வேளையில், காலைப் பனி உலர்ந்ததும் பறித்தால் மணம் நன்றாக இருக்கும். நிழலில் உலர்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. உருளைக்கிழங்கு வறுவலில், சூப்பில், ஆட்டுக்கறியில் இரண்டு மூன்று கொத்து சேர்க்கலாம். கொத்தமல்லியைப் போல் இறக்கும்போது தூவாமல், தொடக்கத்திலேயே போட்டால்தான் சாரம் இறங்கும். கடையில் கிடைக்கும் தைம் எண்ணெய் மிகவும் செறிவானது. இலைதானே என்று எண்ணி அதை உட்கொள்ளக் கூடாது.