கருவுக்கு இட்ட வரம்பு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு அண்மையில், 1983ஆம் ஆண்டு ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சுள்ள பகுதியில் பணிபுரிவோர் ஒவ்வொருவரும் மார்பில் ‘டி.எல்.டி. பேட்ஜ்’ என்னும் சிறு பட்டையை அணிந்துகொண்டே உள்ளே போக வேண்டும். உடம்பில் பட்ட கதிரின் அளவுக்கு அதுவே கணக்கு. இத்தகைய ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் வரை படலாம் என்றும், பொதுமக்களுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் ஆகாது என்றும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்திருக்கிறது. பெண் ஊழியர் ஒருவர் தாம் கர்ப்பமுற்றிருப்பதைத் தெரிவித்துவிட்டாரானால், அன்று முதல் பிரசவம் வரை வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படலாகாது என்பதும் விதி. தாய் ஊழியர், வயிற்றிலிருப்பதோ பொதுஜனம்! சர்க்கார் விதி ஒன்றினுள் இவ்வளவு தத்துவம் அடங்கியிருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதே சர்க்காரின் இன்னொரு விதி, கருப்பைக்கு வெளியே கண்ணாடித் தட்டில் வளரும் மனிதக் கருவை, தக்க அனுமதிகளுடன், 14 நாள் வரையில் ஆராய்ச்சிக்கு உட்படுத்தலாம் என்கிறது. கருவுற்ற ஐந்தாறு நாளில், வெறும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அந்த உருண்டையின் உட்புறத்தில் ஒதுங்கி நிற்கும் சில உயிரணுக்கள், நரம்பாகவோ தசையாகவோ ரத்தமாகவோ எதுவாகவும் மாறவல்ல ‘ஸ்டெம் செல்’கள். அவற்றைப் பிரித்தெடுத்து முடிவின்றிப் பெருகச் செய்யும் வித்தையை 1998இல் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்ஸன் சாதித்துக் காட்டினார். பிரித்தெடுத்தபின் கரு இல்லை. தர்மசங்கடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

14 என்ற எண் எங்கிருந்து வந்தது? தத்துவ அறிஞர் மேரி வார்னக் தலைமையில் பிரிட்டனில் அமைந்த குழு 1984இல் பரிந்துரைத்தது அது. ஏறத்தாழ அந்த நாளில்தான் கருவில் முதுகுத்தண்டின் திசையைக் காட்டும் முதற்கோடு தோன்றுகிறது. அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிளந்து இரட்டைப் பிள்ளைகளாகிவிடக்கூடும். இரண்டாகக்கூடிய ஒன்றை இன்னும் ‘ஒருவர்’ என்று சொல்வதற்கில்லை என்பது அந்த வரம்பை ஆதரிப்போரின் நியாயம். இதை வாசிக்கையில் எனக்குத் திருவாசகத்துப் போற்றித் திருவகவல் நினைவுக்கு வந்தது. சிசு தப்பிவர வேண்டிய அபாயங்களை மாதம் மாதமாக அடுக்கிச் செல்லும் மாணிக்கவாசகர் முதல் மாதத்துக்குச் சொல்லும் அபாயம், உரைகாரர்கள் விளக்குகிறபடி, தான்றிக்காய் போன்ற கரு இரண்டாகப் பிளவுபடுவதுதான். மணிவாசகர் கருவியல் போதிக்க வந்தவர் அல்லர். 2019 ஜனவரியில் இந்திய விஞ்ஞான மாநாட்டில் துணைவேந்தர் ஒருவர், கௌரவர் நூற்றுவரும் ஸ்டெம் செல் முறையால் பிறந்தவர்கள் என்று பேசி நமக்குத் தேடித்தந்த தலைகுனிவே போதும். நான் கவனிக்கச் சொல்வது வேறு. பிளவுபடக்கூடும் என்ற ஒரே செய்தியை வைத்துக்கொண்டு, ஆகவே அங்கே ஆள் இல்லை என்று அவர்கள் முடிவுகட்டுகிறார்கள். அந்தப் பிளவுக்குத் தப்பிப் பிழைத்த ஜீவன் ஒன்று முதல் மாதத்திலேயே அங்கே இருந்ததாகக் கவி பாடுகிறார். புறநானூற்றின் 74ஆம் பாட்டில், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை இன்னும் ஒரு படி மேலே போய், தன் குலத்தில் இறந்து பிறந்த குழவியையும் உருவற்ற தசைப்பிண்டத்தையும்கூட ஆள் அல்ல என்று தள்ளாமல் வாளால் பிளந்து வீரருக்குரிய மரியாதை செய்வார்கள் என்கிறான். விஞ்ஞானம் இந்த வழக்கில் சாட்சி சொல்லலாமே தவிர, தீர்ப்பெழுத முடியாது.

நம் நாட்டில் இந்த விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது வெளிநாட்டுப் பட்டியல் ஒன்றினால். 2001 ஆகஸ்டில் ஜனாதிபதி புஷ், கருவிலிருந்து எடுத்து ஏற்கெனவே பெருக்கி வைத்திருந்த உயிரணு வரிசைகளுக்கு மட்டுமே அமெரிக்க அரசின் பணம் என்று அறிவித்தபோது, உலகெங்கும் தேறியவை 64 என்று கணக்கிட்டார்கள். அவற்றில் 7 மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் ஸயன்ஸஸிலும், 3 பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்திலும் இருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது 2007இல். முந்திக்கொண்டது ஆராய்ச்சி, அறநெறி ஆறு வருஷம் கழித்து, அதுவும் சட்டமாக அல்ல, வழிகாட்டியாக, வந்து சேர்ந்தது.

அதன் பின் நடந்தவற்றில் என் மனம் நின்றது பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தில் மனீஷா இனாம்தாரும் அவருடைய சகாக்களும் செய்து 2009இல் வெளியிட்ட காரியத்தில். கருத்தரிப்பு மையம் மூன்றாந்தரம் என்று மதிப்பிட்டு, கருப்பைக்குத் தகாதென ஒதுக்கிவிட்ட கருக்களிலிருந்து அவர்கள் இரண்டு உயிரணு வரிசைகளை உண்டாக்கினார்கள். இரண்டும் ஒரே தம்பதிக்குரியவை, அதாவது உடன்பிறப்புகள். பிள்ளையாகப் போவதில்லை என்று தள்ளப்பட்டதிலிருந்து மருத்துவத்துக்கு வழி தேடியது விரயத்தைத் தடுத்த செயலாகவே எனக்குப் படுகிறது. ஜப்பானின் யமனாகா 2006இல் எலியின் தோல் உயிரணுவையும் மறு வருஷம் மனித உயிரணுவையும் பின்னோக்கித் திருப்பிக் கருநிலைக்கு ஒப்பாக்கிய பிறகு, கருவைத் தொடாமலே பல ஆராய்ச்சிகள் கூடுகின்றன. வேலூரிலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையமும் அவ்வழியில் உழைக்கிறது. ஆனால் அசலோடு ஒத்துப் பார்க்கக் கருவின் உயிரணுக்கள் வேண்டியிருப்பதால் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை.

14 நாள் வரம்பை, கல்பாக்கத்தின் 1 மில்லிசீவர்ட்டைப் போலவே, மனிதர் எச்சரிக்கையாக இட்ட கோடு என்ற அளவில் நான் ஏற்கிறேன். எனக்கு அதிருப்தி, சம்மதம் வாங்கும் முறையில்தான். 1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் சென்னையில் தென்னாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறப்பித்த காலத்தில் அபூர்வமாயிருந்த கருத்தரிப்பு மையங்கள் இன்று ஊருக்கு ஊர் முளைத்திருக்கின்றன. மாமியாரின் முகத்துக்கும் கடன் தவணைக்கும் பயந்து, கரு தங்குமா என்ற ஒரே கவலையோடு அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முன் நீட்டப்படும் காகிதக் கட்டில், மிஞ்சும் கருவை என்ன செய்யலாம் என்ற கேள்வியும் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும். “இங்கே ஒரு கையெழுத்து, சார் இங்கே” என்று விரல் காட்டிய இடத்தில் தம்பதியர் போடும் கையெழுத்தைச் சட்டம் சம்மதம் என்று ஏற்கலாம், மனசாட்சி ஏற்குமா?

2022 ஜனவரியில் அமலுக்கு வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், உறைநிலையில் வைத்த கருவைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது, அதன் பின் அழியவிட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த வருஷம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறங்கிய கருக்களுக்கு 2032இல் கெடு முடிகிறது. சிகிச்சை நாளில் வாங்கிய பழைய கையெழுத்தைக் காட்டி அவற்றை அனுப்பிவிடாமல், அதற்குள் பிள்ளை பெற்றவர்களாகவோ பெறாதவர்களாகவோ மாறியிருக்கும் அந்தத் தம்பதியரைத் தேடிப் பிடித்து, எதற்காகக் கேட்கிறோம் என்பதைத் தமிழில் விளக்கி, யோசிக்க அவகாசமும் கொடுத்து மறுபடி கேட்பதற்கான ஏற்பாட்டை ஒவ்வொரு மையமும் இப்போதே செய்துவைக்க வேண்டும்.