கிராம சபைக்கு ஒரு டிராலி ஸ்பீக்கர்: கடைசி வரிசைக்கும் கணக்கு கேக்கணும்

2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தணும், அதுக்குப் பதிலா வண்டியில ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது அதன் சாரம். பறையடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் வேலை ஒரே சாதிக்காரர்கள் தலையில் விழுந்த ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, வண்டி வந்து அறிவிச்சாச்சு, ஜனங்களும் வந்தாச்சு. வந்தவங்களுக்குக் கூட்டத்துல பேசுறது கேக்குதா? தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு 6 முறை கிராம சபை நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வரவு செலவு வாசிக்கிறாங்க, பயனாளிகள் பட்டியல் வாசிக்கிறாங்க. வாசித்தது எழுபதாயிரமா, எண்பதாயிரமா என்று கடைசி வரிசைக்குப் புரியலைன்னா அங்கிருந்து கேள்வி வராது. ஆனா வருகைப் பதிவேட்டில் அவங்க கையெழுத்து இருக்கும்.

சேலம், நாமக்கல் பக்கம் இப்போ பல கூட்டங்களுக்கு வருவது சக்கரம் வச்ச டிராலி ஸ்பீக்கர்தான். உள்ளேயே பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், ரெண்டு வயர்லெஸ் மைக். கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். அதை எப்படித் தேர்ந்தெடுக்கிறது, எப்படி வைக்கிறது, எப்படிப் பிடிச்சுப் பேசுறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

எத்தனை வாட்ஸ் வேணும்?

முதலில் இடத்தை அளப்போம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 100 பேர். 10,000 வரை 200 பேர். உட்கார்ந்திருக்கும் ஒருத்தருக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைங்க. 200 பேருக்கு 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். ஆக, கடைசி ஆள் சுமார் 20 மீட்டரில் இருக்கார்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபல். 20 மீட்டரில் 26 குறைஞ்சு 34 ஆயிடும். பக்கத்தில் விசைத்தறி ஓடினாலோ, மெயின் ரோட்டில் லாரி போனாலோ அது காணாமலே போயிடும்.

இப்போ ஸ்பீக்கரைப் பாருங்க. ஒரு சாதாரணப் பெட்டி 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் சுமாரா 90 டெசிபல் தரும். 20 மீட்டரில் 64. ஒலி மாசு விதிகள், 2000 இன்படி குடியிருப்புப் பகுதியில் பகல் நேர அளவு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில் அதைவிட 10 டெசிபல்தான் கூட இருக்கலாம், அதாவது 65. கூட்டத்துக்குத் தேவையானதும் சட்டம் விடுவதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதுக்கு சராசரியா 1 வாட் போதும்! பேச்சில் திடீர் உச்சங்கள் வருமே, அதுக்கு இடம் விட்டு 20, 30 வாட்ஸ் ஆர்எம்எஸ் இருந்தால் தாராளம்.

பெட்டி மேல ஒட்டியிருக்கும் "5000 வாட்ஸ் பிஎம்பிஓ" ஸ்டிக்கரைப் பார்த்து வாங்காதீங்க. அந்த எண்ணுக்கு ஒழுங்கான வரையறையே கிடையாது. ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. வாட்ஸ் 10 மடங்கானாலும் கூடுவது 10 டெசிபல்தான், காதுக்கு அது சுமார் ரெண்டு மடங்கு சத்தம்.

பெட்டியை எங்க வைக்கிறது?

வழக்கமா மேஜைக்கு முன்னாடி தரையில் வச்சிடுவாங்க. முதல் வரிசை 2 மீட்டரில், கடைசி 20 மீட்டரில். பத்து மடங்கு தூரம், 20 டெசிபல் வித்தியாசம். முன்னாடி இருக்கிறவங்க காதைப் பொத்திக்கிட்டு "சத்தத்தைக் குறைங்க" என்பாங்க. குறைச்சதும் பின்னாடி போச்சு.

அதே பெட்டியை 3 மீட்டர் பின்னால் தள்ளி, ஸ்டாண்டில் காது மட்டத்துக்கு மேல 2 மீட்டர் ஏத்துங்க. முதல் வரிசை சுமார் 5.4 மீட்டர், கடைசி 23 மீட்டர். வித்தியாசம் 13 டெசிபலாகக் குறைஞ்சிடும். முன்னால இருப்பவங்க உடம்பு ஒலியை மறைப்பதும் நிக்கும். ஸ்டாண்ட் இல்லைன்னா ஒரு உறுதியான மேஜை போதும். பெட்டி இருக்க வேண்டியது ஓரத்தில். பேசுறவர் எப்பவும் அதுக்குப் பின்னால்.

அடுத்து, எக்கோ திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்க. பாட்டுக்கு அது அழகு, கணக்கு வாசிக்க எதிரி. பாஸையும் குறைங்க. கடி, தடி, படி, மடி: இந்த நாலையும் பிரிச்சுக் காட்டுவது முதல் மெய்யெழுத்து மட்டும்தான். பேச்சின் வலுவெல்லாம் உயிரொலியில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கு. அர்த்தத்தைப் பிரிக்கும் மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல். பாஸை ஏத்தினால் கனமா கேக்கும், ஆனா தெளிவா கேக்காது. சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே இது இன்னும் மோசம்.

கூ...ன்னு கத்துவது ஏன்?

மைக்கில் போன ஒலி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்கில் நுழைஞ்சு, சுத்திச் சுத்திப் பெருகுது. சத்தத்தை ஏத்தி இதைச் சமாளிக்க முடியாது. வாயை மைக்கிட்ட கொண்டுபோகணும். 20 சென்டிமீட்டரில் பிடிச்ச மைக்கை 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் இனாம். மைக்கை நெஞ்சுக்கு நேரா பிடிக்கிறவர் அந்த இனாமை வேண்டாம்னு சொல்றார்.

கம்பி வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவும் கூடாது. மைக்கின் பின்பக்கத் துளைகள் அடைபட்டால், பின்னால் வரும் ஒலியைத் தள்ளும் குணம் போயிடும், உடனே கத்தும். அடிப்பாகத்தைப் பொத்தினால் ஆண்டெனா மறையும். நடுவில் பிடிக்கிறதுதான் சரி.

வயர்லெஸ் எதுல ஓடுது?

இதை வாங்கும்போதே பார்க்கணும். மலிவான பழைய எஃப்எம் மைக்குகள் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். கோடைப் பண்பலை 100.5 இருக்கிற அதே வீதி, ரேடியோ நுழையும். யுஎச்எஃப் மைக்கில் அச்சடிச்ச எண்ணைப் பாருங்க. 703 முதல் 803 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் தவிர்ப்பது நல்லது. 2022 ஏலத்தில் ஜியோ வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அங்கேதான் இருக்கு. டவர் ஒலிபரப்புவது 758க்கு மேல். அமெரிக்காவில் இந்தப் பட்டையில் வயர்லெஸ் மைக்குகளை 2010இலேயே நிறுத்திட்டாங்க.

2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனா அந்த அலையை மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சும். பெட்டி தரையிலும் நடுவில் நூறு பேரும் இருந்தால் மைக் விட்டு விட்டுக் கேக்கும். பெட்டியை உயரத்தில் ஏத்த இது இன்னொரு காரணம்.

மைக்குக்குப் பதிலா போனை ப்ளூடூத்தில் இணைச்சுப் பேசலாமான்னு கேப்பாங்க. ப்ளூடூத் சாதாரணமா 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதிக்கும். ஒலி அந்த நேரத்தில் 35 முதல் 70 மீட்டர் போயிடும். தன் குரலே பின்னால துரத்தி வந்தால் யாராலும் சரளமா பேச முடியாது. பாட்டு போட மட்டும் ப்ளூடூத்.

பேட்டரி

மே 1க்கும் ஆகஸ்ட் 15க்கும் நடுவில் 106 நாள். பல பெட்டிகள் சாவது அந்த இடைவெளியில், ஊராட்சி அலுவலக மூலையில்தான். லெட் ஆசிட் பேட்டரியை இறங்கின நிலையில் விட்டால் தகட்டில் சல்பேட் படிஞ்சு கொள்ளளவு போயிடும். மாசம் ஒரு தடவை முழு சார்ஜ் போடுங்க. மைக்கில் இருக்கும் செல்லைக் கழட்டி வச்சிடுங்க.

ரெண்டாவது மைக்

பெட்டியோடு வரும் ரெண்டு மைக்கும் மேஜையிலேயே இருந்தால் அது ஒருவழிப் பாதை. ஒண்ணு கூட்டத்துக்குள்ள போகணும். கத்தும்னு பயந்து பலர் கொடுக்கிறதில்லை. கேள்வி கேட்பவர் மேஜையைப் பார்த்து நின்னு பேசட்டும். அப்போ மைக்கின் முகம் அவர் வாய்க்கு, முதுகு ஸ்பீக்கருக்கு; கத்தாது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினால்தான் பிரச்சினை. அந்த நேரம் மேஜை மைக்கை அணைச்சு வையுங்க. ரெண்டு மைக் திறந்திருந்தால் 3 டெசிபல் நஷ்டம்.

கூட்டத்துக்கு முன்னாடி ஒரு சோதனை. "ஹலோ மைக் டெஸ்டிங்" வேண்டாம், அது கேக்குதான்னு மட்டும்தான் சொல்லும், புரியுதான்னு சொல்லாது. மேஜையில் ஒருத்தர் பத்து தொகைகளை வரிசை மாத்தி வாசிக்கட்டும்: அறுபதாயிரம், எழுபதாயிரம், எண்பதாயிரம், அப்படி. பெண்கள் வழக்கமா உட்காரும் கடைசி வரிசையில் ஒருத்தர் அதைத் தாளில் எழுதட்டும். பத்தும் ஒத்துப்போகும் வரை பெட்டியை நகர்த்துங்க, திருகுங்க. அப்புறம் கணக்கு வாசிக்க ஆரம்பிக்கலாம்.