மாறுதல் மறுக்கப்பட்ட பின்

கல்லூரி மாறுதல் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டதும் அதைத் தம் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பாக மாணவர்கள் எடுத்துக்கொள்வது இயல்பே எனினும், சென்னைக் கல்லூரிகளின் அமைப்பைச் சற்று அறிந்தால் மறுப்புக்கு மதிப்பெண்தான் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பது விளங்கும். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி, கடற்கரைச் சாலையின் ராணி மேரிக் கல்லூரி, கதீட்ரல் சாலையின் ஸ்டெல்லா மாரிஸ் ஆகிய மூன்றிலும் படித்து முடிப்பவருக்குப் பட்டம் வழங்குவது 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமே. ஆயினும் இவை தன்னாட்சிக் கல்லூரிகள், அதாவது பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துத் தேர்வையும் தாமே நடத்தும் உரிமை பெற்றவை என்பதால், ஒன்றில் எழுதித் தேறிய தாள்கள் மற்றொன்றின் தாள்களோடு பொருந்தாமல் போவதுண்டு. இடைநின்றவர்களால் காலியிடம் ஏற்பட்டாலன்றி இரண்டாம் ஆண்டில் புதியவரைச் சேர்க்க வழியில்லை என்பது இதனினும் எளிய காரணம்.

ஆகவே மறுப்புக்குப் பின் முதலில் ஆராய வேண்டியது, மாற விரும்பியதன் காரணத்தைத்தான். படிக்கும் பாடமே ஒவ்வவில்லை என்றால், ஓராண்டு போனாலும் வேறு பாடத்தில் முதலாண்டிலிருந்து தொடங்குவதே நேர்மையான முடிவு. மூன்றாண்டு வெறுப்போடு படிப்பது அதைவிடப் பெரிய இழப்பு. கல்லூரியின் பெயர் மட்டுமே குறை என்றால் இருக்கும் இடத்திலேயே பட்டத்தை முடித்து, விரும்பிய கல்லூரியை முதுகலைக்கு நாடலாம்; பெயருக்காக ஓராண்டை இழப்பது தகாது.

இருந்த இடத்திலேயே படிப்பை விரிவாக்கவும் இன்று வழியுண்டு. ஒரே காலத்தில் இரு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதி தந்தது, அதனால் பி.காம். மாணவர் ஒருவர் வகுப்புக்குப் போய்க்கொண்டே, ஜே.இ.இ. எழுதாமல், தகுதிச் சுற்றில் தேறிச் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் சேர முடியும். அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதி மாணவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் அருகிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் பெற்றோரும் மாணவரும் மறந்துவிட வேண்டாம்: புதிய கல்லூரி சேர்க்கை ஆணையை எழுத்தில் தரும் முன், பழைய கல்லூரியிலிருந்து டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடாதீர்கள்.