ஊசிக்குள் செல்லும் நீர்

மருத்துவமனையில் தாதியர், பொடி மருந்துள்ள சிறு புட்டிக்குள் நிறமற்ற நீரைச் செலுத்திக் குலுக்குவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆம்பிசிலின் போன்ற மருந்துகள் நீரில் கரைந்தபின் நெடுநேரம் வீரியத்தோடு இருப்பதில்லை. அதனால் அவை பொடியாகவே வைக்கப்பட்டு, தேவைப்படும்போது கரைக்கப்படுகின்றன. 'கொதித்து ஆறிய நீர் இதற்குப் போதாதா?' என்று கேட்கலாம். போதாது.

நாம் குடிக்கும் நீருக்குக் குடல் காவலாக நிற்கிறது. ஊசியோ அந்தக் காவலைத் தாண்டி நேரே உடலுக்குள் செல்கிறது. கொதிநீரில் பாக்டீரியாக்கள் இறக்கும். ஆனால், சிலவகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சு அழியாது. அது இரத்தத்தில் கலந்தால் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும். அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு காலத்தில், காய்ச்சி வடித்த நீரில் தயாரித்த ஊசி மருந்துகளும் காய்ச்சலை உண்டாக்கின. இதன் காரணத்தை 1923இல் அமெரிக்க அறிவியலாளர் புளோரன்ஸ் சைபர்ட் விளக்கினார். நீர் கொதிக்கும்போது நீராவியோடு நுண்துளிகளும் தெறித்துச் செல்கின்றன. நச்சு அத்துளிகளில் ஏறிப் பயணம் செய்கிறது! துளிகளைத் தடுக்கும் அமைப்பை வடிகலனில் பொருத்தியதும் சிக்கல் தீர்ந்தது.

இன்று ஊசி மருந்துக்கான நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 எண்டோடாக்சின் அலகுக்கு மேல் இருக்கக்கூடாது. இதைச் சோதிக்க உதவுவது குதிரைலாட நண்டின் நீலநிற இரத்தம். எண்டோடாக்சின் பட்டதும் அதன் இரத்த அணுக்களிலிருந்து எடுத்த சாறு உறைந்துவிடும். நாம் 'பெலாங்காஸ்' என்று அழைப்பதும் இந்த இனமே. அதன் மரபணுவைக் கொண்டு, இரத்தம் எடுக்காமலேயே சோதிக்கும் வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் ஆகியோர் 1990களில் திறந்துவைத்தனர். நம் வட்டாரச் சதுப்புக் கரையில் ஊரும் உயிரினம் உலக மருத்துவத்திற்கு உதவுவது நமக்குப் பெருமையல்லவா?

இத்தனை தூய்மையான நீரையும் தனியாக நரம்பில் ஏற்றக்கூடாது. அதில் உப்பு இல்லாததால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி, வீங்கி, வெடித்துவிடும். மருந்து கரைந்த பிறகே அது ஊசிக்கு ஏற்றதாகிறது. மேலும், கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் அதில் சேர்க்கப்படுவதில்லை. எனவே ஒருமுறை திறந்த புட்டியில் எஞ்சிய நீரைக் கொட்டிவிட வேண்டும்.

நண்பர்களே, தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. தூய நீரும் எல்லா இடத்திலும் பாதுகாப்பானதன்று. அந்தச் சிறு புட்டி நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.