கப்பலில் வந்த பீரும் பானையில் புளித்த பீரும்

உலகின் எந்தப் பெருநகரத்தில் கிராஃப்ட் பீர் கடைக்குள் போனாலும் பட்டியலில் ஒரு பெயர் இருக்கும்: இந்தியா பேல் ஏல், சுருக்கமாக ஐ.பி.ஏ. அந்தப் பெயரில் உள்ள இந்தியாவில் பெரும்பங்கு கல்கத்தாவுக்கு உரியது. லண்டனில் பீப்பாயில் அடைத்த பீர், மாதக்கணக்கில் கடலில் உருண்டு, ஹூக்ளி ஆற்றில் ஏறி, கார்டன் ரீச், கிடர்பூர் கரைகளைத் தாண்டித்தான் நகருக்குள் வந்தது.

கிடர்பூர் கப்பல்துறை திறக்கப்பட்டது 1892இல். அதற்கு நூறாண்டுக்கு முன்பே கர்னல் ஹென்றி வாட்சன் அங்கே கப்பல் கட்டும் தளம் ஒன்றைத் தொடங்கிவிட்டார். துறை வருவதற்கு முன், கப்பல்கள் ஆற்றிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும்; சரக்கைப் படகுகளில் இறக்குவார்கள். அந்தச் சரக்கில் பீரும் ஒயினும் கணிசம்.

கடன் கொடுத்து வளர்ந்த வணிகம்

இவ்வளவு தூரம் பீரைச் சுமந்துவருவது எப்படிக் கட்டுப்படியானது? கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் இங்கிருந்து துணியும் வெடியுப்பும் ஏற்றி நிறைந்து திரும்பின. வரும்போது இடம் காலியாக இருந்ததால், சுமைக்கூலி மலிவு. கப்பல் தலைவர்கள் சொந்தக் கணக்கில் சரக்கு கொண்டுவந்து விற்கவும் கம்பெனி அனுமதித்தது. கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில், லண்டனின் போ பகுதியில் பீர் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன் குடும்பம் இதைப் பிடித்துக்கொண்டது. 18 மாதம் வரை கடன் கொடுத்து, அந்தத் தலைவர்கள் வழியாகவே கல்கத்தா சந்தையைக் கைக்குள் வைத்திருந்தது.

பின்னாளில் ஹாட்ஜ்சன் கெடுபிடி காட்டத் தொடங்கியதும், 1820களில் கம்பெனி இயக்குநர் மார்ஜோரிபேங்க்ஸ், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பீர் ஆலைக்காரர் ஆல்சாப்பிடம் போனார். பர்ட்டன் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அந்த நீரில் காய்ச்சிய பீர் தெளிவாகவும், ஹாப்ஸ் பூவின் கசப்பு துல்லியமாகவும் அமைந்தது. ஆல்சாப் ஆலையும் அதே நகரத்து பாஸ் ஆலையும் கல்கத்தா சந்தையைக் கைப்பற்றின.

பிரிட்டிஷ் சிப்பாய்கள் பெரும்பாலும் குடித்தது கறுப்பு நிற போர்ட்டர் பீர். வெளிர் நிற ஏல், அதாவது பேல் ஏல், அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் உரிய பானம். 1833இல் அமெரிக்கப் பனிக்கட்டி கல்கத்தா வந்து சேரும்வரை, ஆப்தார் எனப்படும் பணியாளர் வெடியுப்புக் கரைத்த நீரில் புட்டிகளைச் சுழற்றிக் குளிர வைத்தார். கூலி வேலையும் குளிர்விக்கும் வேலையும் நம் ஆட்களுடையவை. காய்ச்சும் தொழிலும் லாபமும் கடலுக்கு அப்பால் இருந்தன.

ஒற்றைச் சுவையும் புதிய அலையும்

பிறகு மலைப்பிரதேசங்களில், கசௌலியிலும் மர்ரியிலும், ஆலைகள் எழுந்தன. 1915இல் யுனைடெட் ப்ரூவரீஸ் உருவானது. ஐஸ் இயந்திரம் வந்ததும், குளிரில் புளிக்கவைக்கும் லாகர் பீர் பரவியது. ஏல் மறைந்து, நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே சுவையில் புட்டிகள் நிரம்பின.

மேற்கிலும் இதே கதைதான் நடந்தது. பாரம்பரிய ஏலைக் காக்க பிரிட்டனில் 1971இல் காம்ரா இயக்கம் பிறந்தது. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதை 1978இல் சட்டபூர்வமாக்கினார்கள். சமையலறையில் கற்றுக்கொண்டவர்கள் சிறு ஆலைகள் தொடங்கி, மறந்துபோன ஐ.பி.ஏ.வுக்கு உயிர் கொடுத்தார்கள். அந்த அலை 2009இல் புனேயின் டூலாலி, 2010இல் பெங்களூருவின் டாய்ட் என்று இங்கும் வந்தது. மது மாநிலப் பட்டியலில் உள்ளதால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம்; இத்தகைய ஆலைகளின் எண்ணிக்கையில் பெங்களூரு முந்திக்கொண்டது. கொல்கத்தாவிலும் டோப்சியா, சால்ட் லேக் பக்கம் அந்த இடத்திலேயே காய்ச்சி ஊற்றும் கடைகள் வந்துவிட்டன.

வங்காளத்தின் சொந்த பீர்

ஆனால் வங்காளத்துக்குச் சொந்தமாக ஒரு பீர் இருக்கிறது. சந்தால் மக்களின் ஹண்டியா. சோற்றை ஆறவைத்து, மூலிகை வேர்களும் அரிசி மாவும் சேர்த்து உருட்டிய ரானு உருண்டையைப் பொடித்துக் கலந்து, பானையில் மூடிவைப்பார்கள். பழையசாதம் புளிப்பதுபோல, ஆனால் சில நாட்கள் கூடுதலாக, அது புளிக்கும். எந்த வேர், எவ்வளவு, எந்தப் பருவத்தில் எத்தனை நாள் என்ற அறிவெல்லாம் பெண்களிடம் இருக்கிறது. திருமணத்திலும் பூசையிலும் அது தவறாது.

இந்தத் தானிய மதுவை 1909ஆம் ஆண்டின் வங்காளக் கலால் சட்டம் 'பச்வாய்' என்று வகைப்படுத்திக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பெங்களூருவின் டாய்ட், பாஸ்மதி அரிசி சேர்த்துச் செய்யும் பீரைப் பெருமையோடு ஊற்றுகிறது. அது நல்ல முயற்சி. அரிசியைப் பானையில் புளிக்கவைத்து வாரச்சந்தையில் விற்கும் சந்தால் பெண்ணுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. சிறு அளவு, உள்ளூர்த் தானியம், கைத்திறன் என்று கிராஃப்ட் பீர் எதையெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறதோ, அத்தனையும் அவளிடம் இருக்கிறது. உரிமத்துக்கான முதல்தான் இல்லை.

எளியவர்களின் பானத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவதன் விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவுக்குத் தெற்கே சங்கிராம்பூர் பகுதியில் விஷச் சாராயத்துக்கு 160 பேருக்கு மேல் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். புளிக்கவைத்த ஹண்டியாவோ கள்ளோ அதில் சேராது. ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதைவிடப் பல மடங்கு போதை ஏற்றும் சரக்கை விற்பது அரசுக் கடை.

குடியை வளர்க்கச் சொல்லவில்லை. குடி பல வீடுகளை அழித்திருக்கிறது. சட்டம் மேல்தட்டுக்கு மட்டும் கதவைத் திறப்பது அநீதி என்கிறேன். கோவாவின் ஃபெனி 2009இலும், அஸ்ஸாமின் திமாசா மக்களின் ஜூடிமா 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. மேற்கு வங்க அரசு ஹண்டியாவுக்கும் அந்த வழியைத் திறக்க வேண்டும்: பெண்கள் குழுக்களுக்குக் குறைந்த கட்டண உரிமம், சுகாதாரப் பயிற்சி, தரப் பரிசோதனை. தமிழ்நாடும், கள் இறக்க அனுமதி கேட்கும் பனையேறிகளின் கோரிக்கையைத் திறந்த மனதோடு மறுபரிசீலனை செய்ய வேண்டும். கைவினை என்று கொண்டாடுகிறவர்கள், முதலில் அந்தக் கைகளுக்கு உரிமை கொடுக்கட்டும்.