எழுதப் படிக்கத் தெரியாதவரும் நூலாசிரியர் ஆகலாம்: சென்னை ‘தாரா புக்ஸ்’ நமக்குச் சொல்லும் செய்தி

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தமிழ் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. தலைமையுரை, வாழ்த்துரை, நூலாய்வு எல்லாம் முடிந்ததும் முதல் நூலைப் பெற்றுக்கொள்ள ஒரு பிரமுகர் மேடையேறுவார். உறைகள் கைமாறும். அன்று மாலை விற்றது போக மீதிப் பிரதிகள் எழுத்தாளரின் வீட்டு அலமாரிக்குத் திரும்பும். பெரும்பாலும் அச்சுச் செலவும் அவருடையதுதான்.

இந்த ஏற்பாட்டில் எழுத்தாளர் இருக்கிறார், அச்சகம் இருக்கிறது, வாசகரும் இருக்கிறார். பதிப்பாளர் என்ற ஒருவரைத்தான் பல நேரங்களில் காண முடிவதில்லை. பதிப்பாளர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்? அவர் இல்லாததால் நாம் எதை இழக்கிறோம்? இதைப் புரிந்துகொள்ளச் சென்னையில் ஒரு பெண் தொடங்கிய பதிப்பகத்தின் கதை உதவும்.

பல்கலைக்கழகத்திலிருந்து பதிப்பகத்திற்கு

கீதா வுல்ஃப் ஒப்பிலக்கியம் படித்தவர். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் அதையே கற்பித்தவர். வெவ்வேறு மொழிகளின் இலக்கியங்களை அருகருகே வைத்து ஆராய்வது ஒப்பிலக்கியத் துறையின் வேலை. இந்தியா திரும்பிய அவர், 1994ஆம் ஆண்டு சென்னையில் ‘தாரா புக்ஸ்’ பதிப்பகத்தைத் தொடங்கினார்.

அப்போது இந்தியக் குழந்தைகளின் கைக்குக் கிடைத்த படக்கதை நூல்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவை ஏராளம். ஆப்பிள் தோட்டமும் பனிமனிதனும் அவற்றில் இருந்தன. தெருவில் பார்க்கும் மனிதர்களும் பாட்டி சொன்ன கதைகளும் அபூர்வம். பட்டுக்கோட்டைக் குழந்தைக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல இது. பந்திங் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கும் உண்டு.

தாராவின் தொடக்க கால நூல்களில் ஒன்று, மிகவும் பசித்த ஒரு சிங்கத்தின் கதை. வேட்டையாடச் சோம்பல்பட்டு, எளிதாக இரை தேடப் போகும் சிங்கத்தை மற்ற பிராணிகள் ஏமாற்றிவிடும் நாட்டுப்புறக் கதை அது. ஆங்கில நூல்தான், ஆனால் அந்தச் சிங்கத்தின் பெயரே ‘சிங்கம்’. மகாராஷ்டிரத்தின் வார்லி பழங்குடியினர் சுவரில் தீட்டும் பாணியில் ஓவியர் இந்த்ரப்ரமித் ராய் படம் வரைந்தார். கையால் செய்த தாளில் திரை அச்சு முறையில் அதற்கு ஒரு மாதிரிப் பிரதி தயாரானது.

அந்த மாதிரியை ஜெர்மனியின் பிராங்பர்ட் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். கனடாவைச் சேர்ந்த ஒரு பதிப்பகம் அதே முறையில் செய்த 8,000 பிரதிகள் வேண்டும் என்று கேட்டது.

கையால் அச்சிடுவது என்றால் என்ன?

திரை அச்சு நமக்குப் புதிதல்ல. பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டைகளிலும் கோயில் திருவிழாத் துணிப் பதாகைகளிலும் பார்த்திருப்போம். மெல்லிய வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மை இறங்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்து, மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுப்பார்கள். அடியிலுள்ள தாளில் உருவம் பதியும்.

ஒரு வண்ணத்துக்கு ஒரு திரை. முதல் வண்ணம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. இம்மி விலகினாலும் படம் பழுது. ஒரு தாளில் 4 வண்ணங்கள் இருந்தால், 8,000 பிரதிகளுக்கு அந்த ஒரு தாளுக்கே 32,000 முறை கை இழுக்க வேண்டும். முழுப் புத்தகத்துக்கு எத்தனை முறை என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஆறுமுகம் என்ற அச்சுக் கலைஞர். பின்னர் அவர் தலைமையில் ‘ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ்’ என்ற அச்சுப் பட்டறையே உருவானது. கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே தொழில் கற்று அச்சிட்டார்கள். பழைய பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்த தாள், கையால் அச்சு, கையால் தையல் என்று வெளிவந்த தாரா நூல்களை இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். பிரதிக்குப் பிரதி எண்ணும் இடப்பட்டிருக்கும்.

அட்டையில் யார் பெயர்?

ஆனால் தாராவை வேறு பதிப்பகங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது தாளும் மையும் மட்டுமல்ல. யாரை நூலாசிரியர் என்று ஏற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு அது தந்த பதில்தான் முக்கியம்.

இந்தியாவில் பழங்குடி ஓவியங்கள் நெடுங்காலமாகப் புடவையிலும் வாழ்த்து அட்டையிலும் விற்பனையாகி வருகின்றன. வரைந்தவர் யார் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. ‘கோண்டு ஓவியம்’, ‘மதுபனி ஓவியம்’ என்று சாதியும் ஊரும் பெயராக நிற்கும், மனிதர் மறைந்துவிடுவார். தாரா அந்தக் கலைஞர்களின் பெயரை அட்டையில் போட்டது. நூலாசிரியருக்கு உரிய ஒப்பந்தமும் உரிமைத்தொகையும் அவர்களுக்குத் தந்தது.

மத்தியப் பிரதேசத்தின் கோண்டு இனக் கலைஞர் பஜ்ஜு ஷ்யாம் அப்படி வந்தவர். பாட்டன்கர் கிராமத்தில் பிறந்து போபாலுக்குப் பிழைப்புத் தேடி வந்து, இரவுக் காவலாளியாகவும் வேலை பார்த்தவர். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட அவரை அழைத்தார்கள். திரும்பி வந்து தான் பார்த்த லண்டனை வரைந்தார். தரைக்கடியில் ஓடும் ரயில் அவர் ஓவியத்தில் மண்புழு ஆனது. நேரம் சொல்லும் பிக் பென் கோபுரம் சேவலோடு ஒன்றானது. அவரை ஏற்றிச் சென்ற விமானம் பறக்கும் யானை ஆனது. 2004இல் தாரா அதை ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்ற பெயரில் நூலாக்கியது.

தலைப்பைக் கவனிக்க வேண்டும். இந்தியக் காட்டைப் பற்றி ஆங்கிலேயர் கிப்ளிங் எழுதிய ‘ஜங்கிள் புக்’ உலகப் புகழ் பெற்றது. இங்கே காட்டிலிருந்து வந்தவர் ஆங்கிலேயரின் நகரத்தைப் பார்த்து வரைகிறார். துரைமார் எழுதிவைத்த நாட்குறிப்புகளிலும் அறிக்கைகளிலும் ‘கூலிகள்’ என்று மட்டுமே இடம்பெற்ற நம் தோட்டத்து முன்னோரை நினைத்தால் இந்தத் திருப்பத்தின் அருமை புரியும். பஜ்ஜு ஷ்யாமுக்கு இந்திய அரசு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவரும் துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய கோண்டு கலைஞர்களும் சேர்ந்து, இரவில் மரங்கள் கொள்ளும் வடிவங்களையும் அவற்றின் கதைகளையும் கறுப்புத் தாளில் தீட்டிய ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ தாராவுக்குப் பெரும் பெயர் தேடித் தந்தது. 2006இல் வெளிவந்த இந்நூல், 2008இல் இத்தாலியின் பொலோனா குழந்தை நூல் கண்காட்சியில் விருது பெற்றது. 2013இல் அதே கண்காட்சி, ஆசியாவின் சிறந்த குழந்தை நூல் பதிப்பகமாகத் தாராவைத் தேர்ந்தெடுத்தது.

வீட்டு வேலை செய்த துலாரி தேவி

நம் வாசகர்களுக்கு, குறிப்பாகத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, மனத்தில் நிற்கக்கூடியது துலாரி தேவியின் கதை. பீகாரின் மதுபனி வட்டாரத்தில் ராந்தி கிராமத்தைச் சேர்ந்த மீனவப் பெண். பள்ளிக்கூடம் போகவில்லை. சிறு வயதிலேயே திருமணம், அது நிலைக்கவில்லை. பிழைப்புக்காக வீடுகளில் கூட்டிப் பெருக்கிப் பாத்திரம் தேய்த்தார். அப்படி வேலைக்குப் போன வீடுகளில் ஒன்று மகாசுந்தரி தேவி என்ற புகழ்பெற்ற ஓவியருடையது. வேலை செய்துகொண்டே பார்த்தார், பிறகு கற்றுக்கொண்டார், ஓவியர் ஆனார்.

தன் வாழ்க்கையை அவர் வாயால் சொல்ல, கீதா வுல்ஃப் அதை எழுத்தில் வடிக்க, துலாரியின் ஓவியங்களோடு ஒரு குழந்தை நூல் வந்தது. ‘ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்’ என்பது அதன் பெயர். துலாரி தேவிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 2021இல். பதிப்பகம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவரை நூலாசிரியராக ஏற்றுக்கொண்டிருந்தது.

பதிப்பாளரின் வேலை என்ன என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நூல் அச்சிடலாம். ‘உன்னிடம் ஒரு நூல் இருக்கிறது’ என்று ஒருவரிடம் போய்ச் சொல்வதும், கூட உட்கார்ந்து அதைச் செப்பனிடுவதும், செலவையும் நட்டத்தையும் தான் ஏற்பதும், கடை கடையாகக் கொண்டுசேர்ப்பதும் பதிப்பாளரின் பொறுப்பு.

தாராவிலும் குறை சொல்ல இடம் உண்டு. கைவேலை என்பதால் அந்த நூல்களின் விலை அதிகம். சென்னைப் பதிப்பகமாக இருந்தும் அதன் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான். பெரியாரியம் பற்றி எஸ்.வி. ராஜதுரையோடு சேர்ந்து தமிழில் விரிவாக எழுதிய வ. கீதா அங்கே ஆசிரியர் பொறுப்பில் இருந்தும் நிலை இதுதான். சந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பதிப்பகமும் நிற்க வேண்டியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

நைஜீரியாவில் ஒரு ‘மரவள்ளிக் குடியரசு’

கீதா வுல்ஃப் செய்ததைப் போன்ற ஒரு முயற்சி ஆப்பிரிக்காவிலும் நடந்தது. நைஜீரியாவின் பீபீ பக்காரே யூசுப்பும் கல்வியாளர்தான். பெண்ணியல், பாலின ஆய்வுத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் அவர் இணைந்து தொடங்கிய பதிப்பகத்தின் பெயர் ‘கசாவா ரிபப்ளிக்’. கசாவா என்றால் மரவள்ளிக்கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் தோட்ட மக்களின் உயிரைப் பிடித்து வைத்த அதே கிழங்கு, மேற்கு ஆப்பிரிக்காவில் அன்றாட உணவு.

ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் அச்சாகி, பிறகு விலையேறித் தாய்நாட்டுக்குத் திரும்புவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. கசாவா அந்தப் பாதையைத் திருப்பிப் போட்டது. உள்ளூரில் முதலில் பதிப்பித்தது, 2016இல் லண்டனிலேயே தன் கிளையைத் திறந்தது. அதே ஆண்டு, அந்தப் பதிப்பகம் வெளியிட்ட அபுபக்கர் ஆதம் இப்ராஹிமின் நாவல் நைஜீரிய இலக்கியப் பரிசை வென்றது.

நம் கதை யார் கையில்?

மலேசியத் தமிழர்களிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ் எழுத்தாளர் சங்கம் 1962 முதல் இயங்கி வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. 500க்கும் அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. சயாம் மரண ரயிலைப் பற்றி ஆர். சண்முகம் நாவல் எழுதினார். தோட்டத்தில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமி தன் குடும்பக் கதையை ‘நாடு விட்டு நாடு’ என்று பதிவு செய்தார்.

ஆனாலும் நம் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய நாவல் என்றதும் பலர் முதலில் சொல்லும் பெயர் ‘பால்மரக் காட்டினிலே’. அதை எழுதிய அகிலன், தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்றவர். அன்போடுதான் எழுதினார். ஆனால் விருந்தாளி சொல்லும் கதையும் வீட்டுக்காரர் சொல்லும் கதையும் ஒன்றாகிவிடாது.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயத்து வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். விடியற்காலைப் பெரட்டு, மங்கில் சொட்டிய பால், தீமிதிக்கு முந்தின இரவு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போன வலி, இவையெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதப்பா, என்கிட்ட என்ன கதை இருக்கு’ என்று பாட்டிமார் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். துலாரி தேவியும் எழுதப் படிக்கத் தெரியாதவர்தான்.

உடனே பெரிய பதிப்பகம் தொடங்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நினைத்தால் ஒரு தவணைக்குள் செய்யக்கூடிய வேலை இது. பிள்ளைகள் தாத்தா பாட்டி சொல்லும் ஒரு சம்பவத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அவர்கள் பேசிய தமிழிலேயே, கித்தா, மங்கு, தண்டல் என்ற சொற்களோடு அப்படியே எழுதட்டும். படம் பிள்ளைகளே வரையட்டும். ஓர் ஆசிரியர் பிழை பார்த்துச் செப்பனிடட்டும். பத்துக் கதை சேர்ந்தால் ஒரு சிறு நூல். முதல் நூல் பெறப் பிரமுகரை அழைப்பதற்குப் பதில், கதை சொன்ன பாட்டிக்கே அதைக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அட்டையில் ‘தொகுப்பு’ என்று பள்ளியின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ பெரிதாகப் போட்டு, கதை சொன்னவர்களை உள்பக்கத்தில் நன்றிப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் பெயர் அட்டையிலேயே இருக்கட்டும்.