முறைவழியாக்கியின் குறித்த வேகமும் கண்ட வேகமும்

கணினி வாங்கப் புகுவோர் முதலில் வினவுவது அதன் முறைவழியாக்கியின் வேகத்தையே. பெட்டியின்மேல் அச்சிடப்பெற்ற எண்ணும், கணினியை இயக்கியபின் திரையிலே தோன்றும் எண்ணும் ஒவ்வாதவிடத்து, வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதி விற்றவரோடு பிணங்குவதும், நல்ல சில்லைப் பழுதென்று கழற்றிவிட்டு வேறொன்றுக்குப் பணங்கொடுப்பதும் பலமுறை நிகழ்ந்தவை. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை சில்லின் பழுதல்ல. செலவின்றியோ சிறு செலவோடோ தீர்க்கத்தக்கவை.

முறைவழியாக்கி தன் மீடிறன் முழுவதையும் தானே தோற்றுவிப்பதன்று. தாய்ப்பலகையிலுள்ள பளிங்கொன்றின் அதிர்வைக்கொண்டு கடிகாரச் சுற்றொன்று அடிப்படைத் துடிப்பை ஆக்க, அத்துடிப்பை முறைவழியாக்கி தனக்குரிய பெருக்கெண்ணாற் பெருக்கிக்கொள்கின்றது. பெருக்கெண் பெரும்பாலும் ஆக்கியோராலேயே சில்லில் வரையறுக்கப்படுவது. அடிப்படைத் துடிப்போ பலகையைப் பொறுத்தது. ஆகவே, சில்லிற் குறையேதும் இல்லாதபோதும், பலகை தவறான துடிப்பை வழங்குமாயின் வேகம் குறைந்தே தீரும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லொன் எக்ஸ்பி என்னும் வரிசையாகும். 2001ஆம் ஆண்டில் இவ்வரிசை வெளிவந்தபோது, அந்நிறுவனம் மீடிறனைப் பெயராக இடும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒப்பீட்டு எண் ஒன்றை இட்டது. 1800+ என்னும் சில்லின் மீடிறன் 1533 மெகாஹேட்சு மட்டுமே. 2003ஆம் ஆண்டில் வந்த 2500+ என்பதன் மீடிறன் 1833 மெகாஹேட்சு. தன் முந்திய அத்லொன் சில்லுகளோடு ஒப்பிட்டு இவ்வெண்ணை இட்டதாக நிறுவனம் கூறியபோதிலும், வாங்கியோர் அதனை இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் 4 சில்லின் மீடிறனுக்கு ஈடாகவே கொண்டனர். அவ்வாறு கொள்ளும்படி இட்ட பெயரே அஃது எனினும் பிழையன்று. எனவே 2500 என எதிர்பார்த்தவர் 1833 எனக் கண்டால், அங்கே குறை யாதுமில்லை.

ஆனால் அதே சில்லை வாங்கியோர் சிலர் திரையிற் கண்டது 1833 அன்று, 1100. இதன் காரணம் எளிய கணக்கினாற் புலப்படும். அச்சில்லின் பெருக்கெண் 11. அதற்குரிய அடிப்படைத் துடிப்பு 166 மெகாஹேட்சுக்குச் சிறிது மேற்பட்டது. இரண்டையும் பெருக்க 1833 வரும். பலகை 100 மெகாஹேட்சு என்னும் காப்பான நிலையில் அமைக்கப்பட்டிருந்தால், 11ஆற் பெருக்க வருவது 1100. 133இல் இருந்தால் ஏறத்தாழ 1467. ஆதலின் திரையிற் காணும் எண்ணைப் பெருக்கெண்ணால் வகுத்துப் பார்ப்பவர்க்குப் பலகையின் நிலை உடனே தெரியவரும். சில பலகைகளில் இத்துடிப்பைச் சிறு இணைப்பூசியால் அமைக்கவேண்டும். வேறு சிலவற்றிற் பயோஸ் என்னும் தொடக்க நிரலில் அமைக்கவேண்டும். முன்பு சரியாயிருந்த கணினி ஒருநாள் திடீரென 1100க்கு இறங்கினால், பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் வலுவிழந்து, சேமித்த அமைப்புகள் அழிந்தனவா என நோக்குதல் வேண்டும். கணினியின் நாளும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருப்பது இதற்கு நல்ல அடையாளம்.

துடிப்பை உயர்த்துமுன் ஓர் எச்சரிக்கை ஈண்டு இன்றியமையாதது. 133 மெகாஹேட்சுக்கு மேற் செல்ல அமைக்கப்படாத பழைய பலகைகள் சில, பிசிஐ என்னும் துணைப் பாட்டையின் துடிப்பை அடிப்படைத் துடிப்பின் நான்கிலொரு பங்காகவே ஆக்கின. 133இல் அது 33 ஆகும்; 166இலோ 41ஐக் கடந்துவிடும். அந்நிலையில் நிலைவட்டிற் பதியப்படுந் தரவு பழுதுறக்கூடும். வேகம் சிறிது கூடுதற்காக ஓராண்டின் எழுத்துவேலையை இழப்பது எவ்வாற்றானும் தகாது. அத்தகைய பலகையில் 1467 மெகாஹேட்சோடு அமைவதே அறிவுடைமை.

பின்வந்த சில்லுகளில் இதனினும் பொதுவான வேறொரு காரணம் உண்டு. வேலையில்லாதபோது அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. இன்ரெல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மடிக்கணினிச் சில்லுகளில் இம்முறையைப் புகுத்தியது, ஏ.எம்.டி. 2003இல் அத்லொன் 64 சில்லின்வழி மேசைக்கணினிக்கும் கொணர்ந்தது. சில்லு மாறுதலுறும்போது செலவிடும் வலு, மீடிறனுக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமாகும். மீடிறனைப் பாதியாக்கி, வோல்ற்றளவில் நான்கிலொரு பங்கைக் குறைப்பின், அவ்வலு முன்னையதில் ஏறத்தாழ 28 வீதமாகிவிடும். இத்துணை ஆதாயந் தருவதைக் குறையெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆதலின் வேகத்தை அளப்பவர் கணினிக்குக் கடின வேலையொன்றைக் கொடுத்து, அது நடைபெறும்போதே அளத்தல் வேண்டும். அப்பொழுதும் எண் உயராதாயின், பணிசெயல் முறைமையிலுள்ள வலுத்திட்டம் சிக்கனத்துக்கென அமைந்திருக்கலாம். மடிக்கணினியாயின், மின்னிணைப்பியை அது தன்னுடையதென அறியாது வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் உண்டு.

மெய்யாகவே கவலைக்குரியது வெப்பம். உச்ச வெப்பநிலையை அணுகும்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். இன்ரெல் சில்லுகள் பலவற்றில் அவ்வெல்லை 100 பாகை செல்சியசு அளவினது. பென்ரியம் 4 இதைச் செய்த முறை விந்தையானது. அது மீடிறனை மாற்றவில்லை. கடிகாரத் துடிப்பை இடையிடையே நிறுத்தி நிறுத்தி விட்டது. ஆகவே திரையில் 3 கிகாஹேட்சு என்றே காட்டிக்கொண்டு, வேலையிற் பாதியளவே செய்த கணினிகளும் இருந்தன. எண்ணை நம்பாது நேரத்தை அளத்தலே இதற்கு வழி. பெரியதொரு கோப்பைச் சுருக்குதற்குக் கணினி குளிர்ந்திருக்கையில் எத்துணை நேரம் பிடிக்கிறது, அரைமணிநேரக் கடின வேலையின்பின் எத்துணை பிடிக்கிறது என ஒப்பிட்டால் உண்மை விளங்கும். பின்னையது மிக நீண்டால், குளிர்த்தியின் தகடுகளிடையே தூசி அடைந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம், சில்லுக்கும் குளிர்த்திக்கும் இடையிலுள்ள வெப்பக் களிம்பு உலர்ந்திருக்கலாம். புதிய குளிர்த்தியின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் காப்புத்தாளை உரிக்காமலே பொருத்திவிட்டு, சில்லைக் குறைகூறியோரும் உளர். காற்றினாற் குளிர்த்தும் முறை அறையின் வெப்பநிலைக்குக் கீழே சில்லைக் கொணராது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 20 பாகை அறையிற் குறையின்றி இயங்குவது 34 பாகை அறையிலே தடுமாறலாம்.

விளம்பரத்தின் பங்கும் இதில் உண்டு. 2008ஆம் ஆண்டில் வந்த இன்ரெலின் கோர் ஐ7-920 சில்லுக்கு 2.66 கிகாஹேட்சு அடிப்படை வேகம். ஓர் உட்கரு மாத்திரம் உழைக்கும்போது 2.93 வரை செல்லும். வேறுபாடு சிறிது. 2017இல் வந்த கோர் ஐ7-8550யூ என்னும் மடிக்கணினிச் சில்லிலோ அடிப்படை வேகம் 1.8, உச்சவேகம் 4.0. உச்சவேகம் குறுகிய நேரத்துக்கு உரியது. 15 உவாற்று வலுவெல்லைக்குள் நான்கு உட்கருக்களும் நெடுநேரம் 4.0இல் ஓடமாட்டா. பெரிய எழுத்தில் 4.0ஐ அச்சிட்டு, 1.8ஐக் கண்ணுக்குப் புலனாகாத மூலையில் இடும் வணிகவழக்கம் பாராட்டத்தக்கதன்று.

இவையனைத்தையும் நோக்கியபின்னும் மீடிறன் சரியாயிருந்து, கணினி மட்டும் மந்தமாயிருப்பின், முறைவழியாக்கி காத்திருக்கின்றது எனக் கொள்ளலாம். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் நிலைவட்டு அரைச்சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 4.2 மில்லிசெக்கன் ஆகும். அதற்குள் 3 கிகாஹேட்சுச் சில்லொன்றிற் கடந்துவிடும் துடிப்புகள் 12 மில்லியனுக்கு மேற்பட்டவை. நினைவகம் போதாமையால் வட்டையே நினைவகமாகப் பயன்படுத்தும் கணினியில் இக்காத்திருப்பு ஓயாது நிகழும். அதற்கு வேண்டுவது கூடுதலான நினைவகமோ சுழற்சியில்லாத திண்மநிலைச் சேமிப்பகமோ ஆகும், புதிய முறைவழியாக்கியன்று.